எத்தனை வருஷம் வரும்?

இதய வால்வு மாற்றச் சொன்னவுடன் வீட்டார் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, செலவு எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி, "இது எத்தனை வருஷம் வரும்?" முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தேடி மருத்துவ உலகம் எழுபது வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பிரெவே வரை பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, அரசாங்க ஆபீசில் ரிஜிஸ்தரும் ஃபைலுமாகக் காலம் தள்ளியவன். ஒன்பது வருஷத்துக்கு முன், 68 வயதில் எனக்கும் ஒரு வால்வு வைத்தார்கள். அதிலிருந்துதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. இந்தக் கட்டுரை பெருந்தமனி வால்வைப் பற்றியது. இடது கீழறையிலிருந்து ரத்தம் உடம்புக்குப் புறப்படும் வாசலில் மூன்று மெல்லிய இதழ்களாக அது இருக்கிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். எந்தக் கதவின் கீலும் இப்படி உழைத்ததில்லை. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் தடித்து ஒட்டிப்போகலாம். சிலருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். வயதானவர்களுக்கு இதழ்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். வாசல் சுருங்கிப்போனாலும் தொல்லை, சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிந்தாலும் தொல்லை.

வைத்தியம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1968-ல் அமெரிக்காவில் ராஸ், பிரான்வால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் தொகுத்து எழுதினார்கள். வாசல் சுருங்கியவர்கள் பல வருஷம் ஒன்றும் தெரியாமலே நடமாடுவார்கள். நெஞ்சுவலி வந்துவிட்டால் சுமார் ஐந்து வருஷம், மயக்கம் போட்டு விழ ஆரம்பித்தால் மூன்று, இதயம் தளர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் இரண்டு. செயற்கை வால்வின் ஆயுளை இந்தச் சின்ன எண்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். பதினைந்து வருஷம்தானா என்று முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம், என் போல பிரெஞ்சு படித்த பழைய புதுச்சேரிக்காரர்களுக்காக. பிரெஞ்சில் எஞ்சினிலும் பிரஷர் குக்கரிலும் இருப்பது 'சூப்பாப்'. குழாயில் இருப்பது 'வால்வ்'. உடம்புக்குள் இருந்தால் 'வால்வுல்' என்று செல்லமாகச் சொல்வார்கள். நம் தமிழில் மூன்றுக்கும் வால்வுதான். செயற்கை வால்வின் கதை அந்த சூப்பாப்பில்தான் ஆரம்பிக்கிறது.

1952 செப்டம்பரில் வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்நாகல் என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் போட்டு, அதை முப்பது வயதுப் பெண் ஒருவருக்குள் பொருத்தினார். ரத்தம் முன்னே போனால் பந்து விலகும், பின்னே வந்தால் அடைக்கும். இதயத்தை நிறுத்தி வைத்து வேலை செய்யும் இயந்திரம் அப்போது இல்லை. ஜான் கிப்பன் அதைப் பயன்படுத்தி வெற்றி கண்டது 1953 மே மாதத்தில்தான். அதனால் ஹஃப்நாகல் தன் வால்வை உரிய இடத்தில் வைக்க முடியவில்லை. மார்புக்குள் கீழ்நோக்கி இறங்கும் தமனியில் வைத்தார். வயிற்றுக்கும் காலுக்கும் போன ரத்தம் திரும்பி வராமல் நின்றது, தலைக்கும் கைக்கும் போனது வழக்கம்போல் கசிந்தது. அரைகுறைதான். ஆனாலும் இருநூறு பேருக்கு மேல் அதை வைத்துக்கொண்டார்கள். பந்து அடிக்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்குமாம். அந்தச் சத்தத்தோடு தூங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

உரிய இடத்திலேயே வால்வு வைத்தவர் பாஸ்டன் நகரத்து ட்வைட் ஹார்க்கன், 1960 மார்ச்சில். அதே வருஷம் செப்டம்பரில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார் வேறொரு வால்வான மைட்ரல் வால்வை மாற்றினார். ஹார்க்கன் பிற்பாடு நல்ல வால்வுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதி வைத்தார். ரத்தம் கட்டக் கூடாது, தேயக் கூடாது என்பவை எதிர்பார்த்தவைதான். நோயாளிக்கு அது எரிச்சல் தரக் கூடாது என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. ஹஃப்நாகலின் பந்துச் சத்தம் மனதில் இருந்திருக்க வேண்டும்.

ஸ்டாரோடு சேர்ந்து வால்வைச் செய்தவர் லோவல் எட்வர்ட்ஸ் என்ற எஞ்சினியர். யுத்த காலத்து விமானங்களின் எரிபொருள் பம்பில் காசு சம்பாதித்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில், 1958-ல், செயற்கை இதயமே செய்யலாம் என்று ஸ்டாரிடம் வந்தாராம். முதலில் ஒரு வால்வு செய்வோம் என்று ஸ்டார் சொன்னார். கூண்டுக்குள் சிலிக்கோன் ரப்பர் பந்து, அதுதான் ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு. முதல் நோயாளி அன்றே இறந்துபோனார். அடுத்து வந்தவர் 52 வயது மனிதர், லாரிகளை அனுப்பி வைக்கும் வேலை பார்த்தவர். வால்வோடு பத்து வருஷம் வாழ்ந்தார். கடைசியில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது.

இந்த வால்வைப் பெருந்தமனி வாசலிலும் வைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று வருஷம் ஆனதும் புது வினை வந்தது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை அந்த ரப்பர் பந்து மெல்ல உறிஞ்சிக்கொண்டது. சில பந்துகள் மஞ்சளாகி ஊதின, சில வெடித்துத் துண்டாயின, கூண்டுக்குள் சிக்கி நின்றவையும் உண்டு. நன்றாக இருந்தவர்கள் திடீரென்று இறந்தார்கள். இது எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் தெரியவில்லை. தண்ணீரில் கோடி முறை ஆட்டிப் பார்த்தாலும் தண்ணீரில் கொழுப்பு ஏது? ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றிய பிறகு அதே வால்வு நாற்பது வருஷம் தாண்டியும் சிலருக்கு உழைத்திருக்கிறது.

பந்து போய் சாய்ந்து திறக்கும் தட்டு வந்தது, ஸ்வீடன் நாட்டு பியோர்க் 1969-ல் கொண்டுவந்தார். பிறகு அந்தத் தட்டின் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்து, ரத்தம் இன்னும் நன்றாக ஓடும் என்று 1970-களின் கடைசியில் புது மாடலை விற்றார்கள். உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்கு வைத்தார்கள். தட்டைப் பிடித்திருந்த கம்பிக் கால் 600 பேருக்கும் மேல் உடைந்தது. உடைந்தால் தட்டு நழுவிப் போகும், பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1986-ல் விற்பனையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த வால்வுகளை என்ன செய்வது? எடுத்துப் போட இன்னொரு ஆபரேஷன், அதிலும் உயிர் போகலாம். யாருக்கு உடையும் வாய்ப்பு அதிகம், யாருக்குக் குறைவு என்று கணக்குப் போட்டு ஒவ்வொருவராக முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட கணக்குக்கு யாருக்கு, என்றைக்கு, எந்த அளவு வால்வு வைத்தோம் என்ற பதிவு சரியாக இருக்க வேண்டும். வால்வு வைத்த ஆஸ்பத்திரியே முகவரியைத் தொலைத்திருந்தால் அந்த மனிதர் கதி என்ன?

இன்று பரவலாக இருக்கும் உலோக வகை இரட்டைக் கதவு கொண்டது, 1977 அக்டோபரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் முதலில் வைக்கப்பட்டது. கதவுகள் ஒருவிதக் கார்பனால் ஆனவை. அணு உலை எரிபொருளுக்கு மேல்பூச்சாகக் கண்டுபிடித்த பொருள் அது. தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ரத்தம் அதன் மேல் கட்டிக்கொள்ளும். அதனால் ஆயுள் முழுக்க ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை வேண்டும். அந்த மாத்திரையின் பூர்வீகம் மாட்டுத் தொழுவம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1920-களில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி பனிப்புயலில் செத்த கிடாரியோடும் உறையாத ஒரு பாத்திரம் ரத்தத்தோடும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து கார்ல் லிங்க் வாசலுக்கு வந்து நின்றார். அந்த ஆராய்ச்சியிலிருந்து வார்ஃபரின் வந்தது. 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள், 1954-ல் மனிதருக்கு அனுமதி தந்தார்கள். நம் ஊரில் பலரும் சாப்பிடும் ஆசிட்ரோம் அதன் பங்காளி. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர் வேலை செய்யும். அதனால் ஒரு நாள் முருங்கைக்கீரை ஒரு படி, மறுநாள் ஒன்றுமில்லை என்று சாப்பிடக் கூடாது. தினம் ஒரே அளவு இருந்தால் பாதகமில்லை.

மாத்திரை குறைந்தால் ரத்தம் கட்டிப் பக்கவாதம், கூடினால் உள்ளே ரத்தக் கசிவு. அளவு பார்க்க மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. முன்பெல்லாம் ஒவ்வொரு லேபும் ஒரு எண் சொல்லும். 1983-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா லேபுக்கும் பொதுவான ஐ.என்.ஆர். அளவைக் கொண்டுவந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது.

என் தங்கை மகளுக்கு 1998-ல், 22 வயதில், ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட பெருந்தமனி வால்வை மாற்றினார்கள். வைத்தது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவானது. வெளிநாட்டு வால்வின் விலை நம்மவர்களுக்குக் கட்டாது என்றுதான் அதைத் தொடங்கினார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரியில் தட்டைப் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள், 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். நம் சென்னை டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டது. லட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கிறார்கள். தங்கை அன்று சர்ஜனிடம் கேட்டாள், "ஆயுசு முழுக்க வருமா, டாக்டர்?" அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அம்மா, இந்த வால்வுக்கே இன்னும் பத்து வயசு ஆகலை. உங்க பொண்ணு மாதிரி ஆளுங்கதான் எங்களுக்குச் சொல்லணும்." தங்கைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, வெளியே வந்து அழுதாள். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. பெண்ணுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. அதே வால்வுதான். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை மாத்திரை விஷயம் தெரிந்ததும் நின்றுபோனது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது இந்த மாத்திரை சிசுவுக்குக் கெடுதல் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அது உண்மையும்கூட. டாக்டர்கள் எழுதும் கணக்கில் ரத்தக் கசிவு வரும், பக்கவாதம் வரும். இதற்கு அதில் கட்டம் கிடையாது.

மாத்திரை வேண்டாத வால்வு வேண்டும் என்று முயன்றவர்களில் பெரியவர் பாரிஸ் நகரத்து அலேன் கார்ப்பாந்தியே. 1965-ல் ழான்-போல் பினே என்பவரோடு சேர்ந்து பன்றியின் வால்வை மனிதருக்கு வைத்தார். முதலில் நன்றாக வேலை செய்தது, சில வருஷத்தில் பலருக்கும் கெட்டுப்போனது. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார். இவர் சர்ஜனாக இருந்துகொண்டே வேதியியல் பக்கம் போய் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். குளுட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் திசுவைப் பதப்படுத்தினால் அழுகாது, உடம்பும் அதை வேற்றாளாகப் பார்ப்பது குறையும் என்று 1968 வாக்கில் கண்டார். தோல் பதனிடுகிறவர்களும் பயன்படுத்தும் சரக்குதான் அது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்படிப் பதமான வால்வுக்கு 'பியோப்ரோத்தேஸ்', உயிரி உறுப்பு என்று பெயர் வைத்தவரும் அவரே. 2007-ல் லாஸ்கர் பரிசை ஸ்டாருக்கும் கார்ப்பாந்தியேவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், உலோகமும் திசுவும் ஒரே மேடையில்.

பிறகு மாட்டின் இதய உறையை வெட்டித் தைத்து வால்வு செய்யும் முறை வந்தது. இங்கிலாந்தில் முதலில் வந்த ஒன்று 1980-களில் பலருக்குக் கிழிந்து கைவிடப்பட்டது. அதனால் மாட்டு உறை என்றாலே டாக்டர்கள் தயங்கிய காலத்தில்தான் கார்ப்பாந்தியேவின் வகையும் சந்தைக்கு வந்தது. இது தாங்குமா, அதுவும் கிழியுமா? அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

சொன்னது தூர். லுவார் நதிக்கரையில் இருக்கும் நகரம், பூகோள வகுப்பில் மனப்பாடம் செய்த பெயர். அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் 1984 ஜூலை முதல் 2008 டிசம்பர் வரை இந்த வால்வைப் பெருந்தமனி வாசலில் வைத்துக்கொண்ட 2,659 பேரை வருஷா வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 70-க்கு மேல். எல்லோருடைய வருஷங்களையும் கூட்டினால் 18,400 வருஷம் வருகிறது. 2015-ல் கணக்கை வெளியிட்டார்கள். வால்வு தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய காலம் மொத்தத்தில் 19.7 வருஷம். அறுபதும் அதற்குக் கீழும் ஆனவர்களுக்கு 17.6, அறுபதிலிருந்து எழுபதுக்குள் உள்ளவர்களுக்கு 22.1. இளம் உடம்பில் சுண்ணாம்பு சீக்கிரம் படிகிறது, அதனால் இந்த வித்தியாசம். எனக்குள் இருப்பது இந்த வகைதான். 22.1 என்ற எண்ணைப் பார்த்த அன்று நான் என் வயதோடு கூட்டிப் பார்த்தேன். கூட்டினால் தொண்ணூறு வருகிறது. வால்வுக்கு முன் நான் ஓய்ந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன், அவள் ரசிக்கவில்லை.

ஆபீஸ்காரன் என்ற முறையில் இந்த ரிஜிஸ்தரை வியக்கிறேன். 24 வருஷத்தில் எத்தனை சர்ஜன்கள் மாறியிருப்பார்கள், எத்தனை குமாஸ்தாக்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்? நோயாளி ஊர் மாறியிருப்பார், இறந்திருப்பார். வால்வால் இறந்தாரா வேறு காரணத்தாலா என்று கேட்டு எழுத வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது.

கணக்கைச் சீக்கிரம் மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1977 முதல் 1982 வரை 575 ஆண்களுக்குச் சீட்டுக் குலுக்கிய மாதிரி பாதிப் பேருக்கு உலோக வால்வும் பாதிப் பேருக்குப் பன்றி வால்வும் வைத்தார்கள். 11 வருஷத்தில் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் உயிரோடு இருந்தவர்களில் பெரிய வித்தியாசமில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் எதுவும் ஒன்றுதான் என்று எழுதி முடித்திருப்பார்கள். 15 வருஷம் ஆனபோது, பெருந்தமனி வால்வு மாற்றியவர்களில் உலோகப் பக்கம் 66 சதவீதமும் திசுப் பக்கம் 79 சதவீதமும் இறந்திருந்தார்கள். திசு வால்வு கெட்டுப்போனதும், மறு ஆபரேஷனும் அந்த நான்கு வருஷத்தில்தான் கூடின. உலோகப் பக்கம் ரத்தக் கசிவு அதிகம். இளவயதுக்கு உலோகம், முதியவர்களுக்குத் திசு என்ற இன்றைய வழக்கத்துக்கு இது போன்ற கணக்குகள்தான் ஆதாரம். எல்லைக்கோடு எங்கே என்பதில் ஒற்றுமை இல்லை: அமெரிக்கக் கையேடு 50 வயதுக்குக் கீழே உலோகம் என்கிறது, ஐரோப்பியக் கையேடு 60 என்கிறது.

மார்பைத் திறக்கவே முடியாத முதியவர்கள் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்கு வழி திறந்தவரும் பிரெஞ்சுக்காரர், ரூவான் நகரத்து அலேன் கிரிபியே. ழான் தார்க்கை எரித்த ஊர், ஃப்ளோபேர் பிறந்த ஊர் என்றுதான் ரூவானை நாம் படித்தோம். கிரிபியே 1985-ல் சுருங்கிய வாசலைப் பலூன் வைத்து விரித்தார், பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி சுருங்கியது. அப்படியானால் பலூனோடு ஒரு வால்வையே அனுப்பினால் என்ன என்று யோசித்தார். நடக்காத காரியம் என்று கம்பெனிகள் பல வருஷம் கையை விரித்தன. 2002 ஏப்ரல் 16 அன்று, எல்லோரும் கைவிட்ட 57 வயது மனிதர் ஒருவருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாக அனுப்பி வைத்தார். அந்த மனிதர் சுமார் நான்கு மாதம் வாழ்ந்து வேறு சிக்கல்களால் இறந்தார். வால்வு கெடவில்லை.

எட்டு வருஷம் கழித்து ஒரு பெரிய ஆய்வில், ஆபரேஷனுக்குத் தகுதியில்லாதவர்களில் பழைய வைத்தியத்தில் விட்டவர்கள் ஒரு வருஷத்தில் 50.7 சதவீதம் இறந்தார்கள், குழாய் வழி வால்வு வைத்தவர்கள் 30.7 சதவீதம். ஐந்து வருஷத்தில் அது 93.6-ம் 71.8-ம். பத்துப் பேரில் ஏழு பேர் போய்விட்டார்களே என்று பார்ப்பதா, மற்றப் பக்கம் ஒருவர்கூடச் சரியாக மிஞ்சவில்லையே என்று பார்ப்பதா? ராஸும் பிரான்வால்டும் எழுதியதை இங்கே மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும்.

இப்போது ஆபரேஷன் தாங்கக்கூடிய ஓரளவு ஆரோக்கியமானவர்களும் இந்தக் குழாய் வழியையே கேட்கிறார்கள். மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்? நம் பெஞ்சு நண்பர் ஒருவர் சென்ற மாதம்கூட என்னிடம் கேட்டார். அவருக்கு வயது 66, அதுதான் சிக்கல். அப்படிப்பட்ட சுமார் 1,000 பேரை 2016, 2017-ல் ஆய்வில் சேர்த்தார்கள், சராசரி வயது 73. பாதிப் பேருக்கு மார்பைத் திறந்தும் பாதிப் பேருக்குக் குழாய் வழியாகவும் வால்வு வைத்தார்கள். ஐந்து வருஷக் கணக்கு 2023-ல் வந்தது. இறப்பிலும் பக்கவாதத்திலும் பெரிய வித்தியாசமில்லை. தூர் ரிஜிஸ்தரில் திசு வால்வுகள் கெட ஆரம்பித்த காலத்துக்கு அந்த 1,000 பேர் இன்னும் போய்ச் சேரவில்லை. பத்து வருஷம் பின்தொடர்வதாகத் திட்டம். கிரிபியே 2024 பிப்ரவரியில் காலமானார், அவர் வால்வுக்கான நீண்டகாலக் கணக்கு முடிவதைப் பார்க்கவில்லை. நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ நான் என்ன செய்யட்டும் அண்ணே?" என்றார். அவருடைய டாக்டரிடம் பத்து வருஷத்துக்கு அப்புறம் இந்த வால்வு கெட்டால் அதற்குள்ளேயே இன்னொன்று வைக்க என் வாசல் அகலம் போதுமா என்று கேட்கச் சொல்லி, அந்தக் கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை அவருக்கு ஸ்கேன்.